கொக்குத் தோப்பும் ஒரு ஈஸ்மெண்டும்

எண்பதுகளின் நடுவில் நான் கோலசிலாங்கூரில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். சைக்கிள் கடைக்கு மேல்மாடி. பத்தாங் பெர்ஜுந்தை போகும் வழியில் இருந்த ஓர் எஸ்டேட்டில் பிறந்தவள் நான். ஆபிஸ் வேலைக்குப் போகிறேன் என்பதால் எங்கள் லயத்து வீடுகளில் என்னையே பாதி வக்கீலாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். உண்மையில் நான் செய்தது நிலம் விற்பவர் பெயரையும் வாங்குபவர் பெயரையும் பிழையில்லாமல் தட்டச்சு செய்வதுதான். தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் தெரியும் என்பதால், வந்தவருக்கு வக்கீல் சொல்வதைப் புரியவைக்கும் பொறுப்பும் என் தலையில் விழுந்திருந்தது.

வக்கீல் ரவாங்கிலிருந்து காரில் வருவார். தமிழர்தான். ஆனால் சட்டத்தை முழுக்க ஆங்கிலத்தில் படித்தவர் என்பதால், தமிழில் பேச ஆரம்பித்து பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டு என்னைப் பார்ப்பார். மீதியை நான் முடித்துவைக்க வேண்டும். சில நாட்களில் அவர் என்ன சொல்ல வந்தார் என்பதை நான் முடித்த பிறகுதான் அவரே தெரிந்துகொள்வார் என்று எனக்குத் தோன்றும்.

ஒருநாள் பிற்பகல், பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த பாய் படியேறி வந்தார். தமிழ்நாட்டுக் கடலோர ஊர் ஒன்றிலிருந்து இளவயதில் கப்பலேறி வந்தவர். நாங்கள் தினமும் அவர் கடையில்தான் சாப்பிடுவோம். கையில் ஒரு சாப்பாட்டுப் பொட்டலம் இருந்தது. அதை என் மேசைமேல் வைத்துவிட்டுக் கேட்டார்.

"தங்கச்சி, ஒரு சட்டம் கேக்கணும். ஒரு காரியத்த செய்யாம இருக்கிறத விக்க முடியுமா?"

"எந்தக் காரியத்த பாய்?"

"மரம் வெட்டறத."

நான் வக்கீலைக் கூப்பிட்டேன்.

விஷயம் இதுதான். சிலாங்கூர் ஆறு கடலில் கலப்பதற்குக் கொஞ்சம் முன்னால் வளைகிற இடத்தில் பாய்க்கு ஒரு துண்டு நிலம் இருந்தது. தென்னை போடலாம் என்று வாங்கியது. விற்றவர், ஆற்றில் தண்ணீர் இறங்கியிருந்த நேரம் பார்த்து நிலத்தைக் காட்டியிருக்கிறார். பெயர் மாற்றிய பிறகுதான் தண்ணீர் ஏறுவதைப் பாய் பார்த்தார். தென்னங்கன்றுகள் மிதந்து போய்விட்டன. கரையோரம் நின்ற பழைய மரங்கள் மட்டும் அசையவில்லை. அவற்றில் கொக்கும் நாரையும் நூற்றுக்கணக்கில் கூடு கட்டியிருந்தன. பாய் அந்த நிலத்தை மறந்தே போயிருந்தார்.

பாலம் கட்டும் வேலைக்கு வந்திருந்த ஒரு வெள்ளைக்கார இஞ்சினியர்தான் அதை நினைவுபடுத்தியவர். ஞாயிற்றுக்கிழமை தோறும் கழுத்தில் பைனாகுலரோடு பாய் கடைக்கு வந்து ரொட்டி சானாய் சாப்பிடுவார். தன் ஊரில் நிலம் வைத்திருப்பவர்கள், 'இந்தக் காட்டை அழிக்க மாட்டேன், வீடு கட்ட மாட்டேன்' என்று பத்திரம் எழுதி அந்த உரிமையை மட்டும் ஒரு சங்கத்துக்கு விற்பார்கள், சிலர் தானமாகவும் கொடுப்பார்கள், கொடுத்த பிறகும் நிலம் அவர்களுடையதுதான் என்று அவர் சொல்லியிருக்கிறார்.

"கேட்டுக்குங்க," என்றார் பாய். "நிலமும் நம்மகிட்ட இருக்கும். காசும் நம்மகிட்ட வரும். வாங்கினவன் எதையும் தூக்கிட்டுப் போக மாட்டான். நானும் இத்தன வருஷமா வியாபாரம் பண்றேன், இந்த மாதிரி ஒரு சரக்கப் பாத்ததில்ல."

வக்கீல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "யெஸ், அது ஈஸ்மெண்ட். கன்சர்வேஷன் ஈஸ்மெண்ட். அங்க அது..." என்று சொல்லி என்னைப் பார்த்தார்.

"சிமெண்டா?" என்றார் பாய். "வெட்டாம இருக்கிறதுக்கு எதுக்கு சிமெண்ட்?"

"வாங்கறது யாரு பாய்?" என்று நான் கேட்டேன்.

"அதுக்குத்தானே உங்ககிட்ட வந்தேன்."

பாய் முதலில் அந்த இஞ்சினியரிடமே விலை பேசினார். அவர் பதறிப்போய், தான் சம்பளக்காரன் என்று சொல்லி, அந்த வாரம் ரொட்டிக்கு வழக்கத்தைவிட அதிகம் கொடுத்துவிட்டுப் போனார். அவர் வழியாக கோலாலம்பூரில் இருந்த ஓர் இயற்கை ஆர்வலர் குழுவுக்குத் தகவல் போனது. அவர்கள் ஒரு பஸ் நிறைய வந்தார்கள். பறவைகளைப் பார்த்து வியந்தார்கள். பாயின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். கடையில் வயிறாரச் சாப்பிட்டார்கள். பாய்க்கு ஒரு பறவைக் காலண்டரைப் பரிசாகக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அன்றைக்குக் கடையில் நல்ல வியாபாரம். உரிமையை மட்டும் யாரும் வாங்கவில்லை.

இதற்குள் ஊரில் வேறு ஒரு செய்தி பரவியிருந்தது. பாய் ஆற்றங்கரையில் சிமெண்ட் போடப்போகிறாராம். இரும்புக்கடைச் சீனர் விலை சொல்ல வந்தார். லோரி வைத்திருந்த ஒருவர், மணல் தன்னிடம்தான் எடுக்க வேண்டும் என்று கடையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் வாதாடினார். இது வேறு சிமெண்ட் என்று பாய் சொல்லச் சொல்ல, விலையைக் குறைத்துக்கொண்டே போனார்களாம்.

எல்லாம் அத்தோடு முடிந்துவிட்டது என்று நினைத்தேன். நோன்புப் பெருநாள் கழிந்த மறுவாரம் பாய் மறுபடியும் படியேறி வந்தார். இம்முறை கையில் பொட்டலம் இல்லை. முகம் வாடியிருந்தது.

"தங்கச்சி, விக்க வேணாம். சும்மா குடுத்துடறேன். யாருக்குக் குடுக்கலாம்னு மட்டும் சொல்லச் சொல்லு."

பெருநாள் விருந்தில் அவருடைய இரண்டு மருமகன்களும் அந்த நிலத்தைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். மூத்தவருக்கு மரங்களை வெட்டி இறால் குளம் தோண்ட வேண்டும். அப்போது எங்கள் பக்கம் எல்லாருக்கும் இறால் பைத்தியம் பிடித்திருந்தது. இளையவருக்கு மரங்களை வெட்டி, மண்ணைக் கொட்டி மேடாக்கி, படகுப் பட்டறை வைக்க வேண்டும். வெட்டுவதில் இருவருக்கும் சண்டையே இல்லை. வெட்டிய பிறகு என்ன என்பதில்தான் பிரியாணி ஆறிப்போகும் வரை சண்டை.

"நான் இருக்கிற வரைக்கும் கை வைக்க விட மாட்டேன். எனக்குப் பிறகு?" என்றார் பாய்.

வக்கீல் கேட்டார். "பாய், அந்த மரத்து மேல உங்களுக்கு என்ன அவ்வளவு ஆச?"

பாய் கொஞ்சம் வெட்கப்பட்டார். பறவை பார்க்க வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காக அடிக்கடி அங்கே போக ஆரம்பித்தாராம். பிறகு யாரும் வராத நாளிலும் போனாராம். "விடிஞ்சதுலேருந்து கடையில ஒரே கூப்பாடு. பாய் ஒரு தே தாரேக், பாய் ரெண்டு ரொட்டி, பாய் மீதி சில்லறை. அங்க போய் நின்னா, இம்புட்டுக் கூட்டம் இருக்கு, இம்புட்டுச் சத்தம் போடுது, ஒண்ணுகூட என்னயக் கூப்பிடறதில்ல."

வக்கீல் நிலச் சட்டப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டார். மறுநாளும் அதே புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார். கடைசியில் பாயையும் என்னையும் எதிரே உட்காரவைத்து விளக்கினார். நம் நாட்டில் அப்படி ஒரு சங்கத்துக்குக் கொடுக்க வழியில்லை. ஆனால் ஒரு நிலத்துக்காரர் பக்கத்து நிலத்துக்காரருக்குச் சில உரிமைகளைக் கொடுக்கலாம். வழக்கமாக நடைபாதைக்கும் தண்ணீர்க் கால்வாய்க்கும் கொடுப்பார்கள். 'இன்னதை என் நிலத்தில் செய்ய மாட்டேன்' என்றும் கொடுக்கலாம். பதிவு செய்துவிட்டால், நிலம் யார் கைக்குப் போனாலும் அது கூடவே போகும்.

"மருமகன் கைக்குப் போனாலும்?"

"மருமகன் கைக்குப் போனாலும். பட், வாங்கிக்கிறவருக்குப் பக்கத்துல நிலம் இருக்கணும்லா."

"கொக்கு அங்கதானே இருக்கு. அதுக்கே குடுத்தா?"

"கொக்கு பேர்ல கிராண்ட் இல்ல பாய்," என்றேன் நான். நிலப் பத்திரத்தை எங்கள் பக்கம் கிராண்ட் என்றுதான் சொல்வோம்.

வரைபடத்தைப் பார்த்தோம். ஒரு பக்கம் ஆறு. இரண்டு பக்கம் அரசாங்க நிலம். மிச்சமிருந்த ஒரே பக்கத்தில் ஒரே ஒரு ஆள். அது யார் என்று எங்கள் மூவருக்கும் தெரியும்.

அவர் ஓர் எஸ்டேட்டில் பெரிய கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். கணக்கு எழுதுவதும் கடிதம் எழுதுவதும்தான் அவருக்குத் தொழில். ஓய்வுக்குப் பிறகு கணக்கு இல்லாமல் போனதால் முழுக்கக் கடிதத்தில் இறங்கியிருந்தார். அவருடைய கொக்கோத் தோட்டமும் வீடும் பாயின் தோப்பை ஒட்டி இருந்தன. பறவைகளின் நாற்றம், துணிகள்மேல் எச்சம், தகரக் கூரைமேல் மீன் விழும் சத்தம் எல்லாவற்றையும் அழகான ஆங்கிலத்தில் எழுதி ஊராட்சி அலுவலகத்துக்கும் சுகாதார அலுவலகத்துக்கும் பாய்க்கும் அனுப்புவார். பாய்க்கு ஆங்கிலம் தெரியாததால், அவருக்கு வந்தவற்றை நான்தான் படித்துச் சொல்வேன். மரங்களை வெட்டச் சொல்லி நோட்டீஸ் அனுப்பும்படி எங்கள் வக்கீலிடமும் அவர் கேட்டிருந்தார். பாய் கடைச் சாப்பாட்டை நினைத்து வக்கீல் இன்று நாளை என்று தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு சனிக்கிழமை காலை மூவரும் அவர் வீட்டுக்குப் போனோம். கிராணி முற்றத்தில் நாற்காலி போட்டு, ஒரு கையில் பால் விடாத கோப்பி ஓ, மறு கையில் விரித்த குடையோடு உட்கார்ந்திருந்தார். வெயிலும் இல்லை, மழையும் இல்லை. மேலே கிளையில் ஒரு நாரை இருந்தது.

"வெட்டறதா முடிவு பண்ணிட்டீங்களா?" என்று பாயைக் கேட்டார்.

"அதப் பத்திப் பேசத்தான் ஐயா," என்று வக்கீல் ஆரம்பித்து, பாதியில் என்னைப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். மரங்களை வெட்டாதே என்று சொல்லும் உரிமையை பாய் இவருக்கு இலவசமாகக் கொடுக்க விரும்புகிறார்.

கிராணி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அம்மா, நான் வெட்டச் சொல்லித்தான் இத்தன வருஷமா எழுதிக்கிட்டிருக்கேன். வெட்டாதேன்னு சொல்ற உரிமைய வச்சு நான் என்ன செய்றது?"

கிளம்பிவிடலாம் என்று நான் எழுந்தேன். அப்போது கிராணி கேட்டார்.

"இருங்க. அப்ப பாய் அவர் நிலத்துல ஒரு மரம் வெட்டணும்னா என்னக் கேக்கணுமா?"

"ஆமா," என்றார் வக்கீல்.

"நான் முடியாதுன்னு சொன்னா?"

"வெட்ட முடியாது."

"காரணம் சொல்லணுமா?"

"நோ. தேவையில்ல."

"அவர் மருமகனுங்க வந்து கேட்டாலும்?"

"அவங்க பிள்ளைங்க வந்து கேட்டாலும்."

கிராணி கோப்பையைக் கீழே வைத்தார். குடையை மடக்கினார். "எஸ்டேட்டுல நான் வேலை செஞ்ச காலம் பூரா தொரைக்கு எஸ் சார், எஸ் சார்தான். வீட்டுல சம்சாரம் இருந்த வரைக்கும் அங்கயும் அதே கதைதான். யாருக்கும் முடியாதுன்னு சொல்ற எடத்துல நான் உக்காந்ததே இல்ல." பாயைப் பார்த்தார். "இத நீங்க மனசாரத்தான் குடுக்கறீங்களா?"

"மனசாரத்தான் ஐயா," என்றார் பாய்.

அந்த நேரம் பார்த்து மேலேயிருந்து அரைகுறையாகச் செரித்த மீன் ஒன்று வக்கீலின் ஃபைல்மேல் விழுந்தது. குடையை மடக்கியதற்காகக் கிராணி எங்களிடம் மன்னிப்புக் கேட்டார்.

அடுத்த தொல்லை, அந்த உரிமையால் கிராணியின் நிலத்துக்கு என்ன நன்மை என்று விண்ணப்பத்தில் காட்ட வேண்டியிருந்தது. அதை அவரே எழுதுவதாகச் சொன்னார். ஒரு வாரம் கழித்துக் கொண்டுவந்தார். அந்த மரங்களின் வேர்தான் கரையைப் பிடித்து நிற்கிறது, மரங்கள் போனால் உப்புத் தண்ணீர் தன் கொக்கோ மரங்களின் காலடிக்கு வந்துவிடும் என்று எழுதியிருந்தார். அதோடு நிறுத்தவில்லை. நிழல், காற்று, காலைப் பொழுதின் அழகு என்று இன்னொரு பக்கம் ஓடியது. பறவைகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"கொக்கு, நாரை எதையும் காணோமே ஐயா," என்றேன்.

"அதுக்கு வேற ஃபைல் இருக்கு," என்றார் கிராணி.

நில அலுவலகத்துக்கு நான்தான் கொண்டுபோனேன். அங்கிருந்த மலாய் அதிகாரி பொறுமைசாலி. வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, நடைபாதை எங்கே என்று கேட்டார். நடைபாதை இல்லை என்றேன். கால்வாயா என்றார். அதுவும் இல்லை என்றேன். அப்படியானால் இந்த நிலத்துக்காரர் அந்த நிலத்தில் என்ன செய்யப்போகிறார்? ஒன்றும் செய்யமாட்டார், அவரும் செய்யமாட்டார், இவரும் செய்யவிடமாட்டார் என்றேன். அவர் கிராணி எழுதியதை முழுக்கப் படித்தார். இதை எழுதியவர் அந்த இடத்தை மிகவும் நேசிக்கிறார் போலிருக்கிறது என்று மலாயில் சொன்னார். நானும் தலையாட்டினேன். மேலதிகாரி, அவருக்கு மேலதிகாரி என்று போய்வந்து, சில மாதங்களில் அது பதிவாகிவிட்டது. பாய் எங்கள் அலுவலகத்துக்கும் சைக்கிள் கடைக்கும் சேர்த்துப் பிரியாணி அனுப்பினார்.

அதன் பிறகுதான் பாய்க்குத் தான் என்ன கொடுத்தோம் என்று புரிந்தது. கிராணி தினமும் காலையில் கைத்தடியோடு தோப்பின் எல்லையைச் சுற்றிவர ஆரம்பித்தார். மரங்களுக்கு வெள்ளைச் சாயத்தில் எண் போட்டார். காற்றில் ஒடிந்த ஒரு கொம்பைப் பாய் விறகுக்காக ஆள் விட்டு எடுத்ததற்கு, கடைக்கே வந்து எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார்.

"பாய், ஏழாம் நம்பர் மரத்துக் கொம்பு எங்க?"

"அது கீழ விழுந்து கெடந்தது ஐயா."

"விழுந்தது எனக்குத் தெரியும். எடுத்துக்கிட்டுப் போகலாம்னு யார் சொன்னா?"

பாய் எங்களிடம் வந்து முறையிட்டார். விழுந்த கொம்பை எடுக்கலாம் என்று வக்கீல் விளக்கம் எழுதிக் கொடுத்தார். அதற்குக் கிராணியிடமிருந்து இரண்டு பக்கம் பதில் வந்தது.

உண்மையான சோதனை அடுத்த ஆண்டு வந்தது. இறால் வியாபாரி ஒருவர் பாயைத் தேடி வந்து, அந்த நிலத்துக்கு அவர் கனவிலும் நினைக்காத விலை சொன்னார். மூத்த மருமகன் பின்னாலேயே நின்றார். பாய் மனிதர்தானே. இரண்டு நாள் சாப்பிடாமல் யோசித்துவிட்டு, கிராணி வீட்டுக்கு மீன்குழம்பு கொடுத்தனுப்பி, பின்னாலேயே தானும் போயிருக்கிறார். அந்த உரிமையைத் திருப்பிக் கொடுத்துவிட்டால், விற்ற பணத்தில் ஒரு பங்கு தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

அங்கிருந்து நேராக எங்களிடம்தான் வந்தார். முகமெல்லாம் சிவந்திருந்தது.

"மீன்குழம்ப நல்லாச் சாப்பிட்டாரு தங்கச்சி. சட்டியக் கழுவிக் குடுத்தாரு. அப்புறம் முடியாதுன்னுட்டாரு. ஏன்னு கேட்டேன். காரணம் சொல்லத் தேவையில்லன்னு உங்க வக்கீலே சொல்லியிருக்காருங்கிறாரு. நான் தானமாக் குடுத்தத வச்சே என்ன அடிக்கிறாரு."

வக்கீல் இம்முறை வாக்கியத்தை முழுதாகத் தமிழில் முடித்தார். "அதத்தானே பாய் நீங்க கேட்டீங்க."

பாய் மின்விசிறியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கோபம் மெல்ல இறங்குவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு, "பங்கு தரேன்னு சொன்னேன். அதுக்கும் அசையல மனுஷன்," என்றார். அதைச் சொன்ன குரலில் குறை இருந்ததா, பெருமை இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. இறால் வியாபாரி வேறு பக்கம் இடம் பார்த்துப் போய்விட்டார். பாய் கொஞ்ச நாள் கிராணியோடு பேசவில்லை. பிறகு அதுவும் சரியாகிவிட்டது. காலையில் எல்லையைச் சுற்றிவரும்போது இருவரும் சேர்ந்தே நடப்பதாக வக்கீல் ஒருநாள் பார்த்துவிட்டு வந்து சொன்னார்.

நான் கல்யாணமாகி அந்த வேலையை விடுவதற்குக் கொஞ்சம் முன்னால், கிராணிக்குக் கால் மூட்டு முடியாமல் போனது. ரவாங்கில் இருந்த மகள் வீட்டோடு போய்விடுவது என்று தோட்டத்தையும் வீட்டையும் விற்க முடிவு செய்தார். அந்த உரிமை, வாங்குகிறவருக்குப் போய்விடும். அதனால் பாய்க்குத் தூக்கம் போனது. வாங்க வந்த ஒவ்வொருவரையும் பார்க்கத் தானும் வந்து உட்கார்ந்துகொண்டார். ஒருவர் நல்ல விலை சொல்லிவிட்டு, மரம் வெட்டுவதைப் பற்றித் தனக்கு ஒன்றும் ஆட்சேபம் இல்லை, பாய் இஷ்டம்போல் வெட்டிக்கொள்ளலாம் என்று பெருந்தன்மையாகச் சொன்னார். கிராணியும் பாயும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவருக்குக் கொடுக்கவில்லை.

கடைசியில் வந்தவர், அரசாங்க மருத்துவமனையில் தலைமை நர்ஸாக, எங்கள் பேச்சில் மிஸ்ஸியாக, இருந்து ஓய்வு பெற்ற ஒரு தமிழ் அம்மாள். எங்கள் அலுவலகத்தில்தான் பேச்சு நடந்தது. எச்சம், நாற்றம், மீன் எல்லாவற்றையும் கிராணி ஒளிக்காமல் சொன்னார். ஆஸ்பத்திரியில் பார்க்காத நாற்றமா என்றார் அந்த அம்மாள். பாய் தொண்டையைச் செருமினார்.

"மிஸ்ஸி, தப்பா நெனைக்காதீங்க. நீங்க கோவக்காரங்களா?"

"எதுக்குக் கேக்கறீங்க?"

"நாளைக்கு நானே வந்து ஒரு மரம் வெட்டிக்கிறேன்னு கெஞ்சுவேன். இல்ல, என் மருமகன் வருவான். நல்லா இனிப்பாப் பேசுவான். சாப்பாடெல்லாம் கொண்டுவருவான்."

அந்த அம்மாள் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பாயைப் பார்த்தார். "வார்டுல பார்வை நேரம் முடிஞ்சதும் மந்திரி சொந்தக்காரரையே வெளிய அனுப்பியிருக்கேன். பத்தியத்துல இருக்கிற புருஷனுக்கு ஒளிச்சு வச்சுப் பிரியாணி கொண்டுவந்த அம்மாகிட்டேருந்து சட்டியோட வாங்கி வச்சிருக்கேன். அழுதாங்க. திருப்பிக் குடுக்கல."

பாய் கிராணியைப் பார்த்துத் தலையாட்டினார். கிராணி சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக்கொண்டு, எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று என்னைக் கேட்டார்.